புகையைப் பார்த்து மணி அடித்தவர்கள்

கோயில் வாசற்படியில் மதலேன் முட்டி போட்டிருந்தாள். தலையில் முள்முடி. கருவேல முள்ளை வளைத்து வாழைநாரால் கட்டியது. ஒரு முள் நெற்றியில் குத்தி, சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

பூசைக்கு வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருவர் தன் செருப்பை அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கழற்றிப் போட்டார். அவர் யார் என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவருடைய பேரன் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிக்கிறான் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

குற்றம் செய்தவள் மதலேன் இல்லை, அவளுடைய அப்பா சவரிமுத்து. அவர் செய்த குற்றம், ஞாயிற்றுக்கிழமையில் பஸ் ஓட்டியது.

போன வாரம் தாலுக்கா ஆபீஸ் நடைமுறைகளைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். ‘சர்க்கார் விதிகளையே இப்படிக் கிழிக்கிறீர்களே, கோயில் விதிகளைக் கண்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வீர்களோ’ என்று கேட்கிறார். மூடிக்கொண்டதில்லை, ஐயா. படியுங்கள்.

கரி பஸ்

யுத்த காலம். பெட்ரோல் என்பது அதிகாரிகள் மட்டும் பேசும் சொல்லாகிவிட்டது. பஸ்களின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு பாய்லரைக் கட்டினார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, கீழே ஒரு கைப்பிடியைச் சுற்றிக் காற்றடித்தால் புகைபோல ஒரு வாயு கிளம்பும். அந்த வாயுவில் எஞ்சின் ஓடும். ஓடும் என்றால், மேடு வராத வரைக்கும் ஓடும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட்டில் அதற்குக் கழிவு கிடையாது.

நெருப்பு அணைந்துவிட்டால் மறுபடி மூட்டிக் கிளப்புவதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். அதனால் வழியில் எங்கேயும் சாவகாசமாக நிறுத்த முடியாது.

செஞ்சியிலிருந்து விடியற்காலையில் கிளம்பித் திண்டிவனம் போய், திரும்பி வந்து, கோட்டைக்கு நடுவில் போகும் ரோடு வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ்ஸுக்குச் சவரிமுத்துதான் டிரைவர். மாற்று ஆள் கிடையாது. ஓட்டத் தெரிந்தவர்களையெல்லாம் பட்டாளம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவர் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வார். ‘பக்தியா?’ என்று கேட்டால், ‘பிரேக்கு மேல நம்பிக்கை இல்ல’ என்பார்.

எங்கள் கோயில் செஞ்சிக்குக் கிழக்கே, அந்த ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். எங்களுக்கென்று தனியாகச் சாமியார் இல்லை. திண்டிவனத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். எப்படி வருவார்? சவரிமுத்துவின் பஸ்ஸில்தான் வருவார். முன் சீட்டில், மடியில் ஜெப புத்தகத்தை வைத்துக்கொண்டு. பூசைப் பெட்டியைக் கண்டக்டர் கோவிந்தன் கோயில் வரைக்கும் சுமந்து வந்து வைத்துவிட்டு ஓடுவான். அவன் இந்து. அதற்காகப் பெட்டி கனம் குறையவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பஸ் எப்போது வரும் என்று கடவுளுக்குக்கூட நிச்சயமாகத் தெரியாது. அதனால், சாமியார் இல்லாத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் உபதேசியார் கோயில் மேட்டில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பார். தூரத்தில் கரும்புகை தெரிந்ததும் முதல் மணி அடிக்கச் சொல்வார். அந்தப் புகைதான் எங்களுக்குக் கடிகாரம். பெண்கள் முக்காட்டைச் சரிசெய்வதும் ஆண்கள் பீடியை அணைப்பதும் அதைப் பார்த்துத்தான்.

அப்படிப் புகையை அனுப்பியவர்மீதுதான், பூசைக்கு வருவதில்லை என்று குற்றம் சாட்டினார்கள்.

விதி யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமைப் பூசை கடன். அதைத் தவறவிடுவது பாவம். சரி. ஆனால் அதே ஞானோபதேசத்தில், தவிர்க்க முடியாத வேலைக்கும் பிறர் துன்பம் தீர்க்கும் வேலைக்கும் விலக்கு உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதே அதுதான். சொல்லிக் கொடுத்தவரே உபதேசியார்தான்.

அந்த விலக்கை அவர் அறியாதவர் அல்ல. தாராளமாகவே பயன்படுத்தினார். பெரிய வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நெல் அடித்தார்கள். ‘மழை வந்துட்டா இன்னா செய்யறது, அவசியம்தானே’ என்றார். முந்தின நாள் பெரிய வீட்டிலிருந்து ஒரு கூடை கத்திரிக்காய் அவர் வீட்டுக்குப் போயிருந்தது. தாசில்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் போட்டபோது, குமாஸ்தாவான நானும் பின்னாலேயே போனேன். ‘சர்க்கார் காரியம்’ என்று மரியாதையாகத் தலையை ஆட்டினார். நான் கோட்டுப் போட்டிருந்தேன். கோட்டுக்கு உள்ளே விதி நுழையவில்லை. காக்கிச் சட்டை என்றதும் முழுசாக வந்து உட்கார்ந்துகொண்டது.

கரி பூசிய கை, எண்ணெய்ப் பிசுக்கு, ‘ஓரம் போ’ என்று ரோட்டில் கத்தும் வாய். இதெல்லாம் தேவ ஊழியத்தில் சேர்த்தி இல்லை என்பது அவர் தீர்மானம். பூ கட்டுவது ஊழியம். சுரூபத்தைத் துடைப்பது ஊழியம். சாமியாரையே ஏற்றிக்கொண்டு வருவது வெறும் பஸ் வேலை.

பூசைக்குத் தொடர்ந்து வராதவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு ஆக்கினை இருந்தது. முள்முடி வைத்துக்கொண்டு, பூசை முடியும் வரை வாசலில் முட்டி போட வேண்டும். ஜனங்கள் முன்னால், ‘ஆண்டவருடைய நாளை அவமதித்தேன்’ என்று சொல்ல வேண்டும். அதைச் செய்யாதவர் வீட்டுக் கல்யாண ஓலையை உபதேசியார் சாமியாரிடம் கொடுக்க மாட்டார்.

ஓலை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று வாசிக்க வேண்டும். வாசிக்காமல் தாலி கட்ட முடியாது. விலக்கு வேண்டுமானால் மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, மனுப் போட வேண்டும். மனு மேலே போய், விளக்கம் கேட்டுக் கீழே வந்து, மறுபடி மேலே போவதற்குள் மாப்பிள்ளை பர்மா போய்ச் சேர்ந்துவிடுவான்.

ஆமாம், மாப்பிள்ளை பட்டாளத்துக்காரன். சேசுராஜ் என்று பெயர். லீவில் வந்திருந்தான். லீவு முடிந்தால் சண்டை நடக்கிற இடம். திரும்பி வருவானா என்பதை யாரும் வாயால் கேட்கவில்லை. மதலேனுக்கு அவனைப் பிடித்திருந்தது. மூன்று ஓலையும் முடிந்து, கையோடு கல்யாணமும் முடித்து அவன் ரயிலேற வேண்டும். ஒரு ஞாயிறுக்கு மேல் வீணாகப் போக இடமில்லை.

பாய்லர் முன்னால்

விஷயம் காதில் விழுந்ததும் விடியற்காலையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சி பனிக்குள் மறைந்திருந்தது. சவரிமுத்து பாய்லர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, சாம்பலை வாரிக்கொண்டிருந்தார். கோவிந்தன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“இன்னா தம்பி காலங்காத்தால? ஆபீஸ் இன்னும் தொறக்கலியே?”

“உங்களை முட்டி போடச் சொன்னாங்களாமே அண்ணே.”

“சொன்னாங்க. முட்டி போடறது எனக்கு ஒரு கஷ்டமா? இப்ப இன்னா பண்ணிக்கினு இருக்கறேன்? ஆனா ஆண்டவரோட நாளை அவமதிச்சேன்னு வாயால சொல்லணுமாம். நான் இன்னாத்த அவமதிச்சேன்? சாமியாரை இட்டாந்து எறக்கி உட்டது அவமதிப்பா? கோயிலு வாசல்ல நின்னுக்கினு பொய் சொல்லச் சொல்றாரு அந்த ஆளு.”

கோவிந்தன் சும்மா இருக்கவில்லை.

“எங்க பக்கமெல்லாம் ஆயுத பூசைக்கு பஸ்ஸுக்கே மாலை போடறோம். உங்க கோயில்ல டிரைவரு தலையில முள்ளு வெக்கிறாங்க. பேசாம எங்க பக்கம் வந்துடுண்ணா.”

“கையைச் சுத்துடா, வாயைச் சுத்தாத.”

நான் விதிகளைக் கரைத்துக் குடித்தவன். விதியை விதியாலேயே மடக்கும் வழி எனக்குத் தோன்றியது. “ஒரே ஒரு ஞாயிறு வயித்து வலின்னு படுத்துடுங்க. பஸ் வராது. பஸ் வராட்டி சாமியார் இல்ல, பூசை இல்ல. ஊரே புகைக்காக மேட்டுல நிக்கட்டும். அப்பத் தெரியும்.”

அவர் சாம்பல் வாரியைக் கீழே வைத்தார்.

“படுத்துடலாம். தொண்டூர்லருந்து ஒரு பெரியவரு கால் புண்ணோட வந்து ரோட்டுல நிப்பாரு. திண்டிவனம் ஆஸ்பத்திரியில கட்டு மாத்தணும் அவருக்கு. அவருகிட்ட இன்னா சொல்றது? எனக்கும் உபதேசியாருக்கும் சண்டை, நீ அழுவிப் போன்னா?”



அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கப்படவில்லை. பூசை முடிந்ததும் உடுப்பு மாற்றும் அறைக்குப் போய்ச் சாமியாரிடமே கேட்டேன். இளவயதுக்காரர். குருமடத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை.

“அவசிய வேலைக்கு விலக்கு உண்டு என்பது தங்களுக்குத் தெரியாதா, சாமி?”

“தெரியும்.”

“பிறகு?”

“உபதேசியார் என் தகப்பனார் வயது. இந்தக் கோயிலை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவரை எல்லார் எதிரிலும் விட்டுக்கொடுக்க முடியுமா? சவரிமுத்து கொஞ்ச நேரம் முட்டி போட்டால் என்ன குறைந்துவிடும்? தாழ்ச்சி புண்ணியம்தானே.”

இதே பதிலைத் தாலுக்கா ஆபீஸில் எல்லா மேலதிகாரிகளிடமும் கேட்டிருக்கிறேன். ‘தாழ்ச்சி’ என்ற சொல் மட்டும்தான் புதிது. பலமுள்ளவனைத் திருத்தப் பயந்தவர்கள், பலமில்லாதவனிடம் போய்ப் புண்ணியம் கேட்பார்கள்.

அந்த ஞாயிறு

வரும் ஞாயிறு தொடங்காவிட்டால் லீவுக்குள் கல்யாணம் இல்லை என்ற நிலை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மதலேன் தானாகவே வந்து வாசலில் முட்டி போட்டாள்.

“எழுந்திரும்மா” என்றேன்.

“வாணாண்ணா. நைனாவுக்குத் தெரியாது, தெரிஞ்சா உடமாட்டாரு. அவரு சொல்றது சரிதான். ஆனா லீவு முடிஞ்சி அவரு கெளம்பிட்டாருன்னா, அப்புறம் ஓலை படிச்சி இன்னா, படிக்காட்டி இன்னா?”

அவள் சொன்ன இரண்டு ‘அவரு’ம் இரண்டு ஆட்கள். பெயரைச் சொல்ல வெட்கம். அவளுடைய அம்மா உள்ளே முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் உபதேசியாரிடம் போனேன். “அப்பனுக்குப் பதிலாக மகள் ஆக்கினை செய்யலாம் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? சர்க்கார்கூட ஆள் மாற்றி ஜெயிலில் போடுவதில்லையே.”

“வீட்டுல ஒருத்தர் போட்டாப் போதும்ப்பா. வார்த்தையும் சொல்ல வேணாம்னுட்டேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல” என்றார். பிறகு கிழக்கே திரும்பிப் பார்த்து, “புகை தெரியுது, மணி அடிங்க” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பஸ் வந்து ரோட்டில் நின்றது. சாமியார் இறங்கி நடந்து வந்தார். பின்னால் பெட்டியோடு கோவிந்தன். வாசலில் மதலேனைப் பார்த்ததும் சாமியாரின் நடை ஒரு கணம் தயங்கியது. பிறகு, அங்கி அவள் மேல் படாமல் கையால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கோவிந்தன் ஒதுக்கிக்கொண்டு போகவில்லை. பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினான்.

சற்று நேரத்தில் ரோட்டிலிருந்து கோயிலுக்கு வரும் வண்டித் தடத்தில் பஸ்ஸே வந்துவிட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் தலை. புகை கோயிலுக்குள் புகுந்தது. சவரிமுத்து குதித்து இறங்கினார்.

“ஏந்திரி.”

“வேணாம் நைனா. ஓலை...”

“ஏந்திரின்றேன்.”

அவர் முள்முடியை எடுத்தபோது அவள் தலைமயிரும் கூடவே வந்தது. அதை ஒவ்வொன்றாக விடுவித்தார். வேறு எதையும் அவர் அவ்வளவு மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு முடியைக் கையில் பிடித்துக்கொண்டே பீடம் வரைக்கும் நடந்தார்.

“சாமி, எனக்கு ஒரு சந்தேகம். ஞாயித்துக்கிழம பஸ்ஸு ஓட்றது பாவம்னா, அதுல ஏறி வர்றது இன்னா? தெரிஞ்சேதானே ஏறினீங்க? என் பொண்ணு எதுக்குத் தனியா முட்டி போடணும்? வாங்க, நாம ரெண்டு பேரும் சேந்து போடலாம்.”

உபதேசியார் பாய்ந்து வந்தார். “டேய் சவரி! சர்வேசுரன் சந்நிதியில இன்னா பேச்சுடா இது!”

“உபதேசியாரே, என் புகையைப் பாத்துத்தானே மணி அடிக்கிறீரு? புகை வந்தா மணி, நான் வந்தா முள்ளா?”

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. “டிரைவரே! நெருப்பு எறங்குது! ஒங்க ஞாயத்தை சுருக்கா முடியுங்க!” மேல்சித்தாமூர் அப்பாண்டை நயினார். சமணர். நெல் வியாபாரி.

சாமியாரின் முகம் சிவந்து வெளுத்தது. பீடத்திலிருந்து இறங்கி வந்தார். சவரிமுத்துவின் கையிலிருந்த முடியை வாங்கினார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“உபதேசியாரே, ஓலையை வாசியுங்கள்.”

“பிரசங்கத்துக்கு அப்புறம்தானே சுவாமி வழக்கம்...”

“இப்போதே.”

சவரிமுத்து முடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “குடுங்க சாமி, பாய்லர்ல போட்டுடறேன்.” போட்டார். காய்ந்த முள், நன்றாகப் பற்றிக்கொண்டது. ஓலை வாசிப்பதைக் கேட்க அவருக்கு நேரமில்லை. உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ‘சவரிமுத்து குமாரத்தி’ என்று தொடங்கியபோது பஸ் ரோட்டில் ஏறிவிட்டது.

பிரசங்கம்

அடுத்த ஞாயிறு சாமியார் பிரசங்கம் செய்தார். உழுகிறவன், துணி வெளுக்கிறவன், வண்டி ஓட்டுகிறவன் எல்லாரும் தங்கள் கையில் இருக்கும் வேலையை உண்மையாகச் செய்தால் அதுவே சர்வேசுரனுக்குச் செய்யும் ஊழியம், கோயிலுக்குள் செய்வது மட்டும் ஊழியமில்லை என்றார். அருமையான பிரசங்கம். ஜனங்கள் உருகினார்கள். உபதேசியார் எல்லாரையும்விடப் பலமாகத் தலையாட்டினார்.

கேட்க வேண்டியவர் திருவண்ணாமலை ரோட்டில் இருந்தார். இப்படிப்பட்ட பிரசங்கங்கள் எப்போதுமே வேலை இல்லாதவர்களுக்குத்தான் கிடைக்கின்றன.

உபதேசியார் அதற்குப் பிறகும் வெகுகாலம் அந்தக் கோயிலை ஆண்டார். ஓய்வு பெற்றபோது மேற்றிராணியார் கையால் பொன்னாடையும் வாங்கிக்கொண்டார். சவரிமுத்துவிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. சாமியாரும் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

புதன்கிழமை

மூன்றாவது ஓலை முடிந்த புதன்கிழமை கல்யாணம். தாலி கட்டச் சாமியார் வர வேண்டுமே? அன்றும் அதே பஸ்தான், அதே டிரைவர்தான். அதாவது பெண்ணின் தகப்பன் சாமியாரைக் கொண்டுவந்து கோயிலில் இறக்கிவிட்டு, நெருப்பு அணைவதற்குள் பஸ்ஸைத் திருவண்ணாமலைக்கு எடுத்துப் போக வேண்டும். மகள் கல்யாணத்தைப் புகையின் வழியாகப் பார்க்க வேண்டியதுதான். லீவு கேட்டிருந்தார், கம்பெனி கொடுக்கவில்லை. மாற்று ஆள் இல்லை என்ற பதிலில் தவறும் இல்லை.

அன்று பஸ்ஸை வண்டித் தடத்தில் திருப்பிக் கோயிலுக்கு எதிரேயே நிறுத்தி, சாமியாரை இறக்கிவிட்டுக் கியரைப் போட்டார். அப்போது அப்பாண்டை நயினார் இறங்கினார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள்.

“எங்க எறங்கறீங்க? ஊரு வரலியே?”

“நீ எறங்குய்யா. பொண்ணு கல்யாணத்தைப் பாத்துட்டு வா. நெருப்பை நாங்க பாத்துக்கறோம்.”

“நெருப்பு நின்னுட்டா...”

“நிக்காது. சுத்தறதுக்கு இத்தினி கை இருக்குது. போ.”

சவரிமுத்து காக்கிச் சட்டையோடு ஓடினார். கழுவ நேரமில்லாத கையோடு பெண்ணின் பக்கத்தில் நின்றார். மதலேன் அந்தக் கையை விடவே இல்லை. அவள் சேலை முந்தானையில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

பூசை முழுவதும் வெளியே பயணிகள் மாற்றி மாற்றிக் கைப்பிடியைச் சுற்றினார்கள். பூசை முடிந்து சாமியார் வெளியே வந்தபோது நயினாரின் முறை. வெள்ளை வேட்டியெல்லாம் கரி. வியர்வை சொட்டியது.

“இதை யார் உங்களைச் செய்யச் சொன்னது?” என்றார் சாமியார்.

நயினார் கைப்பிடியை விடாமலே திரும்பிப் பார்த்தார். “யாரு சொல்லணும்? நாங்க ஊருக்குப் போவ வேணாமா?”

உள்ளே சவரிமுத்து மகளுக்கும் மருமகனுக்கும் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் அவரை விடவில்லை. இன்னும் நேரமாகும் போலிருந்தது.

சாமியார் வாசலில் நின்று உள்ளேயும் வெளியேயும் ஒரு முறை பார்த்தார். அங்கியின் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, “கொஞ்சம் நகருங்கள்” என்று நயினாரிடமிருந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டார்.